பொட்டுத் துடிப்பு

படம் நின்று நின்று ஓடினாலும் சரி, பேச்சு முன்னால் போய் உதடு பின்னால் வந்தாலும் சரி, மாப்பிள்ளை முகம் பச்சை பிடித்துப் போனாலும் சரி, கோவில்பட்டிக்காரர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் பசுவந்தனை ரோட்டில் சுபிக்ஷாவின் வீடுதான். கடைசியில் என்றால், போனை நாலு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்து, விவரம் தெரிந்த மச்சினனிடம் கொடுத்து, அவர் இன்னும் கொஞ்சம் கெடுத்துக் கொடுத்த பிறகு.

வாசலில் போர்டு கிடையாது. முன்னறையில் ஒரு மேஜை, அதற்கு அடியில் பெரிய கறுப்புக் கம்ப்யூட்டர், மேலே இரண்டு திரை. 2047இல் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களை ஊரில் விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்குக் கையில் ஒரு போன், எங்கோ கண்காணாத இடத்தில் படங்களைச் சேர்த்து வைக்க ஒரு கிடங்கு, அது போதும். சுபிக்ஷாவின் கணவருக்கு ரயில்வேயில் வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஊரில் இருக்கிற பாதி நாளும் தனக்கு இரண்டாம் காபிதான், முதல் காபி கம்ப்யூட்டருக்கு என்று கேலி பேசுவார். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

அவளுக்குத் தன் வேலையில் கர்வம் உண்டு. அதை மறைக்கிற பழக்கமும் இல்லை. பதினாறு வருஷத்தில் 'என்னால் முடியாது' என்று திருப்பி அனுப்பிய படம் மூன்றே மூன்று. அதில் ஒன்று மாடு தின்றது.

தனுஷ்கோடி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். மெயின் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். சுபிக்ஷா வீட்டு இட்லிக் கொப்பரையிலிருந்து தண்ணீர்க் குடம்வரை அவர் கடைச் சரக்குதான். வெள்ளிக்கிழமை அவருக்கு அறுபதாம் கல்யாணம். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய கல்யாண வீடியோவை மண்டபத்தில் போட்டுக் காட்ட வேண்டும், அதில் தாலி கட்டுகிற இடத்தில் மட்டும் ஏதோ துடிக்கிறது, பார்த்துக் கொடும்மா என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயதில் மறுபடி மாப்பிள்ளையாகிற கூச்சம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கிடங்கிலிருந்து படத்தை இறக்கி ஓடவிட்டாள். மணமேடை. தலை குனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண் மாரீஸ்வரி. ஒல்லியாக, கண்ணாடி போடாத தனுஷ்கோடி முதல் முடிச்சைப் போட்டார். பின்னால் நின்ற ஒரு பெண்ணின் கைகள் கயிற்றை வாங்கிக்கொண்டன. நாத்தனார் முடிச்சு. அந்தப் பெண் குனிந்திருந்ததால் முகம் பாதிதான் தெரிந்தது, நெற்றி மட்டும் நன்றாகத் தெரிந்தது. அந்த நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வந்தது, போனது, மறுபடி வந்தது. கொண்டையில் இருந்த மல்லிகைச் சரமும் அதே மாதிரி வந்து வந்து போனது.

சுபிக்ஷா சிரித்துவிட்டாள். "இதுக்குப் பேரே பொட்டுத் துடிப்பு அண்ணாச்சி. நீங்க காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சரியாயிரும்."

போனில் இருக்கும் வீடியோ எடிட்டர்கள் குழுவில் அந்தப் பழுதுக்கு அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான். ஆறு வருஷத்துக்கு முன் முதன்முதலில் அதற்கு வைத்தியம் கண்டுபிடித்தவளும் அவளே. பொட்டு தெளிவாக இருக்கிற ஒரு ஃபிரேமைத் தேடிப் பிடித்து, இதுதான் சரி என்று பூட்டிவிட்டால், முன்னாலும் பின்னாலும் உள்ள எல்லா ஃபிரேமும் அதைப் பார்த்துத் திருந்திக்கொள்ளும். படிப்படியாக எழுதிக் குழுவில் போட்டிருந்தாள். நாகர்கோவிலிலிருந்து யாழ்ப்பாணம்வரை ஆட்கள் அதைப் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

பூட்டினாள். கையோடு கையாக மல்லிகையையும் பூட்டினாள். பூட்டியது கிடங்கிலும் அப்படியே பதிந்துவிடும், திருப்ப முடியாது. ஓடவிட்டபோது படம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தது. பொட்டு பளிச்சென்று நெற்றியில் நின்றது. அவள் நாற்காலியைத் திருப்பிப் பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

தனுஷ்கோடி டம்ளரைக் கீழே வைத்தார். திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"இது யாரும்மா?" என்றார்.

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. உங்கள் அக்காவோ தங்கையோதானே என்றாள்.

"எங்க அக்காதான். செண்பகம். ஆனா அன்னைக்கு அக்கா நெத்தியில பொட்டு கிடையாது, தலையில பூ கிடையாது. அத்தான் கொரோனால போயி எட்டு மாசம்."

பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தைச் சொன்னார். கணவனை இழந்தவள் தாலி முடிச்சில் கை வைக்கக் கூடாது என்று அன்று சொன்னவர்கள் நிறைய. அக்கா போடாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அவர் மேடையில் உட்கார்ந்துவிட்டார். தாய்மாமா இராமசுப்பு மட்டும் அந்த நேரத்தில் பந்தியில் நின்றார். அவர் காதுக்குப் போனால் மண்டபம் இரண்டாகும் என்று, முடிச்சுப் போட்டது ஒன்றுவிட்ட அக்கா பேச்சியம்மாள் என்று சொல்லி வைத்தார்கள். பேச்சியம்மாளும் இல்லை என்று சொல்லவில்லை, நாலு வருஷத்துக்கு முன் போய்ச் சேரும்வரை சொல்லவே இல்லை. இப்போது வெள்ளிக்கிழமை மறுபடியும் தாலி கட்டு. மறுபடியும் அக்காதான் முடிச்சுப் போட வேண்டும் என்று தனுஷ்கோடி சொன்னதற்கு, எண்பத்திரண்டு வயது மாமா ஒரே போடாகப் போட்டார்: நம் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது, இனிமேலும் வேண்டாம். போன தடவையே அக்காதான் போட்டாள், நாங்கள் என்ன கெட்டா போய்விட்டோம் என்று இவர் உண்மையை உடைத்தார். அப்படியானால் வீடியோவில் காட்டு, கண்ணால் பார்த்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்றார் மாமா.

"அன்னைக்கு மேடைல இருந்தவங்களைக் கேட்டா என்ன?" என்றாள் சுபிக்ஷா.

"கேட்டேம்மா. எம் பொண்டாட்டி கூடப்பொறந்தவளே, பேச்சியக்கா பொட்டும் பூவுமா நின்னத எங் கண்ணால பாத்தேன்னு சொல்லுதா. இத்தன வருசமா போன்ல பாத்துப் பாத்து அதுவே மனசுல நின்னுபோச்சு." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருசத்துக்கு ஒருக்கா நானும்தான் பாத்துருப்பேன். உத்துப் பாக்கல. அந்தப் பொட்டு எங்கருந்தும்மா வந்துச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சுபிக்ஷாவுக்குத் தெரியும். தெரிந்ததை இதுவரை இந்தப் பக்கமிருந்து யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

"முன்னாடியெல்லாம் படத்துல உள்ள ஒவ்வொரு புள்ளியையும் எழுதி வெச்சோம் அண்ணாச்சி. எடம் பத்தல, கரண்டு பத்தல. அதனால இப்ப குறிப்பு மட்டும்தான் எழுதுது. கல்யாணம், தாலி, நாத்தனார் முடிச்சு, அம்புட்டுதான். போட்டுக் காட்டும்போது, கோடிக் கல்யாணம் பாத்த மிஷினு, நாத்தனான்னா இப்படித்தான் இருப்பாகன்னு அதுவா வரைஞ்சுரும். நீங்க மத்தியானச் சாப்பாடுன்னு சொன்னா, நான் சோறு சாம்பார் அப்பளம்னு நெனச்சுக்கிடுதேன்ல, அந்த மாதிரி."

"நான் அன்னைக்குக் கூழு குடிச்சிருந்தா?"

"அதத் தனியா குறிச்சு வெக்கும். வழக்கத்துக்கு மாறா இருக்கிறதுக்குத்தான் எடம் பிடிக்கும். ஒவ்வொரு தடவ கிடங்க சுருக்கும்போதும் முதல்ல அதத்தான் வெட்டும். ஒங்க படத்த இதுவரை ஏழு தடவ சுருக்கியிருக்காக. பாதி வெட்டி, பாதி மிச்சமிருந்துருக்கு. அதான் துடிச்சிருக்கு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விளங்கியது. துடித்துக்கொண்டிருந்த அந்த இடத்தில்தான் செண்பகத்தின் வெறும் நெற்றி கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பழுது என்று சொல்லி, சிரித்துக்கொண்டே, காபி ஆறுவதற்குள் துடைத்துப் போட்டவள் அவள். தன் கை மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது அதுதான் முதல் தடவை.

தனுஷ்கோடி எழுந்து கடைக்குப் போய்விட்டார். அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. ஆறு வருஷத்து வேலைப் பட்டியலைத் திறந்து பொட்டுத் துடிப்பு என்று தேடினாள். நாற்பத்தொரு படங்கள். எட்டயபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் வளைகாப்பு வீடியோவில் வலது ஓரத்தில் நின்ற அம்மா யார் என்று கேட்டாள். எங்கள் சித்தி, சித்தப்பா தவறின பிறகு முதன்முதலாக விசேஷத்துக்கு வந்தார்கள், ஏன் கேட்கிறீர்கள் என்றது அந்தக் குரல். அடுத்தது ஒரு கிறிஸ்தவத் தோழி. அதற்கடுத்தது பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா. இன்னொருத்தி, பொட்டு எனக்குப் பிடிக்காது என்று காலேஜ் காலத்திலேயே விட்டவள். மீதியெல்லாம் செண்பகம் மாதிரி. நாற்பத்தொரு பேருக்கும் சுபிக்ஷா தன் கையால் பொட்டு வைத்திருந்தாள். யாரும் வந்து சண்டை போடவில்லை, நன்றிதான் சொல்லியிருந்தார்கள்.

அழுவதற்குப் பதில் அவள் தனுஷ்கோடியின் வீட்டுக்குப் போன் போட்டாள். மாரீஸ்வரி எடுத்தாள். கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் ஆல்பத்தோடு ஏதாவது பெட்டி கொடுத்தாரா, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மரப்பெட்டியில் மாப்பிள்ளை பெண் படம் ஒட்டி, உள்ளே பென்டிரைவ் வைத்துக் கொடுப்பார்களே என்று கேட்டாள். கொடுத்தார்கள், முகூர்த்தப் புடவைக்கு அடியில் கிடக்கும், அதை எதில் போட்டுப் பார்க்கிறது என்று தெரியாமல் வைத்தது வைத்தபடி இருக்கிறது என்றாள் மாரீஸ்வரி.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தது செண்பகமே. அறுபத்துமூன்று வயது. தாலுகா ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வெளிர்நீலச் சேலை, கையில் வாட்ச், எதிரில் இருப்பவர் நாடியைப் பிடிக்கப்போகிற மாதிரி ஒரு பார்வை. தம்பி ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்றும், பூட்டின படத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். சுபிக்ஷாவுக்குப் போட்டுக் காட்டக் கை வரவில்லை. செண்பகம் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "அத்தான் இருக்கும்போது இப்படித்தான் பெரிசா வெப்பேன். ஆனா இது நான் இல்லம்மா. அன்னைக்குக் கை நடுங்கிருமோன்னு எனக்கு அம்புட்டு பயம். ஆஸ்பத்திரில எத்தன தையல் போட்டுருக்கேன், ஒரு நாள் நடுங்கல. அன்னைக்கு நடுங்கி, அத அடக்கி, மூணாவது முடிச்ச நான் போட்டேன். இந்தப் பொம்பள அந்தக் கஷ்டமெல்லாம் படல."

சுபிக்ஷா மன்னிப்புக் கேட்டாள். செண்பகம் அதைக் காதில் வாங்காமல், பென்டிரைவ் பிழைக்குமா பிழைக்காதா, அதை மட்டும் சொல் என்றாள். ஆஸ்பத்திரியில் கேட்கிற குரல் அது. பிழைக்கும் என்று சொல்லிவிட்டாள் சுபிக்ஷா. எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

கேபிள் இருந்தது, போர்ட் இருந்தது. கம்ப்யூட்டர் பென்டிரைவைப் பார்த்ததும், இதில் ஒன்றுமே இல்லை, அழித்துப் புதிதாக்கட்டுமா என்று கேட்டது. இந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்லித்தான் ஊரில் பாதிப் பேர் படத்தைத் தொலைக்கிறார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லி, பென்டிரைவில் எதையும் மாற்றாமல் அதன் நகலை மட்டும் கட்டம் கட்டமாக உறிஞ்ச விட்டாள். படிக்க முடியாத கட்டத்தைத் தாண்டிப் போ, கடைசியில் திரும்பி வந்து மறுபடி முயற்சி செய். சூடானால் நிறுத்து என்று அதற்குச் சொல்லி வைத்தாள். அது முடிய ஒரு நாளும் பாதியும் ஆயிற்று. நூற்றில் தொண்ணூற்றிரண்டு பங்கு வந்தது.

ஆனால் முகூர்த்தம் என்று பெயரிட்ட ஃபைல் திறக்கவில்லை. உள்ளே படம் இருக்கிறது, எது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணை செத்துப்போயிருந்தது. அது இல்லாமல் ஃபைல் வெறும் குப்பை மூட்டைதான். இதற்கு ஒரு பழைய வழி உண்டு. அதே ரகக் கேமராவில் அதே நாளில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்று கிடைத்தால், அதன் அட்டவணையைப் பார்த்துச் செத்ததற்குப் புதிது எழுதிவிடலாம். பென்டிரைவில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு ஃபைல், அதே ரகத்து இரண்டாவது கேமராவில் எடுத்தது. பந்தி.

அவள் பந்தியை ஓடவிட்டாள். வாழை இலை, வரிசை வரிசையாக ஆட்கள். நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரிய மனிதர், கையை ஆட்டி ஆட்டி, இன்னும் ரெண்டு வாளி பாயசம் கொண்டாங்கடா என்று அதட்டிக்கொண்டிருந்தார். பின்னணியில் கெட்டிமேளம் கேட்டது. மேளம் கேட்டும் அவர் திரும்பவில்லை, பாயசம்தான் முக்கியம். இராமசுப்பு மாமா. சுபிக்ஷா அந்த மனிதரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அவருடைய பந்தியின் அட்டவணையை எடுத்து மேடைக்கு வைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் படம் அசைந்தது. பழைய பிளேயர் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் போட்டிருந்தாள். புது மென்பொருளில் திறந்தால் அது திறக்கும்போதே குறிப்பாக மாற்றிவிடும். கிடைத்தது பதினோரு நொடி. கட்டம் கட்டமாக உடைந்து, நடுவில் பச்சைக் கோடு ஓடி, ஒரு இடத்தில் மாரீஸ்வரியின் மாலை அவள் காதுக்கு மேல் தாவிப் போய்த் திரும்பியது. ஆனாலும் தெரிந்தது. வெறும் நெற்றி. வெறும் கொண்டை. வெளிர்நிறச் சேலை. இரண்டு கைகள் கயிற்றை வாங்கி, ஒரு கணம் நடுங்கி, நின்று, முடிச்சை இறுக்கின.

சுபிக்ஷா அந்த நடுக்கத்தை ஏழெட்டுத் தடவை பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

பழக்கதோஷம், கை தானாகவே 'தெளிவாக்கு' பட்டனுக்குப் போயிற்று. இப்படி ஒரு அழுக்குப் படத்தை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. ஒரு அழுத்து அழுத்தினால் பச்சைக் கோடு போகும், கட்டங்கள் போகும், அவற்றோடு சேர்ந்து நெற்றிக்குப் பொட்டும் வந்துவிடும். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். குழுவில் தான் எழுதிய பழைய குறிப்பைத் திறந்து, அதன் மேல் இரண்டு வரி சேர்த்தாள்: இதைச் செய்யாதீர்கள், முதலில் அந்த அம்மா யார் என்று வீட்டில் கேளுங்கள். அதற்கு உடனே நாலு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்தில் அடுத்த சிக்கல். மேடைக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு எல்.இ.டி. சுவர். அதுவும் குறிப்பு மட்டும்தான் சாப்பிடும். சுபிக்ஷா அதை எதிர்பார்த்தே ஆட்டோவில் கம்ப்யூட்டரையும், ஒரு பள்ளிக்கூட ஏலத்தில் எடுத்த பழைய புரொஜெக்டரையும் ஏற்றி வந்திருந்தாள். படம் காட்ட வெள்ளைச் சுவர் இல்லை, எல்லாச் சுவரிலும் ஜரிகைத் துணி. கடைசியில் தனுஷ்கோடி தனக்கு வந்த எட்டு முழ வேட்டி ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். கடைப் பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் பந்தி ஓடியது. ஐம்பத்தேழு வயது இராமசுப்பு பாயசத்துக்கு அதட்டுவதைப் பார்த்து மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எண்பத்திரண்டு வயது இராமசுப்புவும் சிரித்தார், பாயசம் அன்னைக்குப் பத்தாமப்போச்சு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அடுத்து அந்தப் பதினோரு நொடி. சிரிப்பு அடங்கியது. வேட்டியில் காற்று பட்டு செண்பகத்தின் நெற்றி ஒருமுறை மடிந்து நிமிர்ந்தது.

இராமசுப்பு எழுந்து வேட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். தன் போனை எடுத்து அதே இடத்தை ஓடவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுபிக்ஷாவிடம் வந்தார். கோபம் இல்லை, நிஜமான குழப்பம்தான் முகத்தில் இருந்தது.

"ஒன்னக் குத்தம் சொல்லல தாயி. ஏம் போன்ல ஒண்ணு இருக்கு. ஊர்ல எல்லாரு போன்லயும் அதேதான் இருக்கு. ஒன் வேட்டில மட்டும் வேற இருக்கு, அதுவும் ஒடைஞ்சு கெடக்கு. ரிப்பேர் பாத்தவளும் நீதான். நான் எத நம்ப?"

மூன்று நாள் தூங்காமல் செய்த வேலைக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் யோசித்திருக்கவில்லை. அவர் கேட்டதில் தப்பும் இல்லை. "போன் பாத்ததக் காட்டல ஐயா, அது பழகினதக் காட்டுது," என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தார். ஒப்புக்கொண்ட ஆட்டல் இல்லை அது. தனுஷ்கோடியின் முகம் வாடிப்போயிற்று. வேட்டி பிடித்தவர்களை யாரோ பந்திக்குக் கூப்பிட்டார்கள், வேட்டியை நாற்காலியில் சுருட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

முகூர்த்த நேரம் வந்தது. நாதஸ்வரம் ஏறியது. தனுஷ்கோடி தாலியைக் கையில் எடுத்து, இரண்டாவது வரிசையில் இருந்த அக்காவைப் பார்த்தார். அவர் கூப்பிடவில்லை, பார்த்தது மட்டும்தான். செண்பகம் கைப்பையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் நடப்பது போல மேடையில் ஏறி மாரீஸ்வரிக்குப் பின்னால் போய் நின்றாள். யாரோ ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள், கெட்டிமேளத்தில் அது கேட்கவில்லை.

தாலி என்றால் நம் ஆட்களுக்குக் கை தானாகவே போனுக்குப் போகும். மண்டபம் முழுக்கப் போன்கள் உயர்ந்தன. கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குக் காட்ட வேண்டும் என்று இராமசுப்புவும் போனைத் தூக்கினார். புரொஜெக்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்ற சுபிக்ஷாவுக்கு அந்தச் சின்னத் திரை நன்றாகத் தெரிந்தது. தனுஷ்கோடி ஒரு முடிச்சு. செண்பகத்தின் கைகள் கயிற்றை வாங்கின. போனில், அவள் நெற்றியில் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. கொண்டையில் நாலு முழம் மல்லிகை. பக்கத்து எல்.இ.டி. சுவரில் அதே பொட்டு பூசணிக்காய் அளவுக்கு.

இராமசுப்பு போனைத் தாழ்த்திக் கண்ணாடிக்கு மேலாக மேடையைப் பார்த்தார். வெறும் நெற்றி. மறுபடி போனைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையை நன்றாகத் துடைத்தார். பொட்டு போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தார். பிறகு போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேடையை மட்டும் பார்த்தார். செண்பகம் மூன்றாவது முடிச்சை இறுக்கி, நுனியைச் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். இந்தத் தடவை கை நடுங்கவில்லை. பெரியவர் கையிலிருந்த அட்சதையை மற்றவர்களோடு சேர்ந்து தூவினார்.

மேளம் நின்றதும் அவர் திரும்பாமலே கேட்டார். "தாயி, அந்தப் பாயசத்துக்கு அடுத்தாப்புல ஒண்ணு வந்துச்சே. அத இன்னொருக்காப் போடு."

வேட்டி பிடிக்க ஆளில்லை என்றாள் சுபிக்ஷா. அவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். சுருட்டிக் கிடந்த வேட்டியை உதறி ஒரு முனையைத் தானே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு முனைக்கு ஆள் தேடிச் சுற்றிலும் பார்த்தார். செண்பகம் மேடையிலிருந்து இறங்கி வந்து அதைப் பிடித்துக்கொண்டாள். வேட்டி நேராக நிற்கட்டும் என்று காத்திருந்து, சுபிக்ஷா படத்தை ஓடவிட்டாள்.